‘இயக்குநர் ஓகே சொல்லிட்டார்’: எந்த இயக்குநர்?

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில், பாரம்பரிய நெல் விளைவிக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் அலுவலக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். சென்னைக் கண்காட்சியில் போடுவதற்காக 4 நிமிட வீடியோ எடுக்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு குழுவை அமர்த்தினோம். 60,000 ரூபாய் பேசி 25,000 முன்பணம் கொடுத்தோம். “சினிமா மாதிரி நச்சுன்னு இருக்கணும்” என்று எங்கள் இயக்குநர் சொன்னார். அவர்களும் “சரிங்க” என்றார்கள். மாசியில் வந்து இரண்டு நாள் எடுத்தார்கள். அறுவடை முடிந்துவிட்டதால் எங்கிருந்தோ வாங்கிய பச்சை வயல் காட்சிகளைச் சேர்த்துவிட்டார்கள். அதில் வயலுக்குப் பின்னால் மலை தெரிகிறது. உறுப்பினர்கள் பார்த்துவிட்டுக் கொதித்துப் போனார்கள். ஐந்து இயக்குநர்களும் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு திருத்தம் சொல்ல, ஆறு முறை மாற்றியாகிவிட்டது. இப்போது பாக்கிக்கு மேல் இன்னும் 18,000 கொடுத்தால்தான் வாட்டர்மார்க் இல்லாத வீடியோ தருவோம் என்கிறார்கள். எங்கள் மூத்த இயக்குநர் 78 வயதுக்காரர். நெல் திருவிழாவில் அவர் வாங்கி வந்த 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதையில்தான் எல்லாம் தொடங்கியது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் என்னைத்தான் திட்டுகிறார்கள். தப்பு யார் மேல்? கண்காட்சிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தையும், கூடவே அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்திகளையும், வீடியோவுக்காக நீங்கள் எழுதிக் கொடுத்த உரையையும் இரண்டு முறை படித்தேன். கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு வீடியோ கெட்டுப்போவதற்குக் கேமராவோ வெளிச்சமோ காரணமாக இருந்ததை விட, பேச்சு காரணமாக இருந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் “எங்கள் இயக்குநர் சொன்னார்” என்று வருகிற இடத்தில், அது வீடியோவை இயக்குகிறவர் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து இயக்குநர்கள் என்று படித்த பிறகுதான் நிறுவனத்தின் இயக்குநர் என்று புரிந்தது. அதன்பின் செய்திகளைப் பார்த்தேன். மார்ச் முதல் வாரத்தில் நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறீர்கள்: “இயக்குநர் பாத்துட்டு ஓகே சொல்லிட்டார்.” ஐந்தில் ஒருவர் பார்த்ததைத்தான் நீங்கள் சொன்னீர்கள். எடிட்டர் தம்பியோ, நிறுவனமே சம்மதம் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்று இரவே கலர் வேலையை முடித்து, இசை சேர்த்து, குரல் கொடுப்பவரைக் கூப்பிட்டுப் பதிவும் செய்துவிட்டார். மற்ற நான்கு பேரின் திருத்தங்கள் மறுநாள் காலையிலிருந்து வருகின்றன. 18,000 ரூபாய்ச் சண்டையின் வேர் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அந்த வரியை எழுதியதால் தப்பு உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. “எந்த இயக்குநர்? மற்றவங்க பாத்தாச்சா? இதுக்கு மேல மாத்தினா செலவாகும், மேலே போகலாமா?” என்று கேட்டிருக்க வேண்டியவர் எடிட்டர். தினமும் இதே வேலையைச் செய்கிறவர் அவர். நீங்கள் வாழ்நாளில் முதல் வீடியோ எடுக்கிறீர்கள். எந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் விளக்கைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் நம் பக்கத்தில் ஏன் அப்படிக் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் வயதில் மூத்தவர்கள், வந்திருப்பவர்கள் இருபத்தைந்து வயதுப் பையன்கள். பெரியவர் ஒன்றைச் சொன்ன பிறகு “அப்படின்னா என்னங்க?” என்று திருப்பிக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயம். அதனால் “சரிங்க” என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் “சரிங்க” என்றால் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்று மட்டும்தான் பல நேரம் பொருள். சொன்னவருக்கோ அது ஒப்பந்தம். “அதெல்லாம் பாத்துக்கலாங்க” இன்னும் மோசம். எத்தனை முறை திருத்தம், யார் சாப்பாடு போடுவது, மழை பெய்தால் என்ன என்று எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் “பாத்துக்கலாம்” சொல்லிச் சிரித்துக்கொண்டு காபி குடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். பேட்டா யார் தருவது என்ற ஒரே ஒரு “பாத்துக்கலாம்” பெரிதாகி, பத்து வருடப் பழக்கம் அறுந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

“சினிமா மாதிரி” என்பதற்கு வருகிறேன். எங்களிடம் வருகிற பத்தில் எட்டு பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஒருவருக்கு அது மெதுவாக ஓடும் காட்சி, இன்னொருவருக்கு மேலிருந்து ட்ரோன், வேறொருவருக்குக் கனத்த குரல், இன்னும் ஒருவருக்குப் பாட்டு. கேமராமேனுக்கோ அது மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்த அகலத் திரை. உங்கள் செய்திகளில், “ஏன் மேலயும் கீழயும் கறுப்பா மறைக்குது, படம் முழுசா வரலையா?” என்று ஓர் இயக்குநர் கேட்டிருக்கிறார் பாருங்கள். அந்தப் பையன் ‘சினிமா மாதிரி’ கேட்டவருக்குச் சினிமா மாதிரியே கொடுத்திருக்கிறான். இந்தச் சொல்லை விட்டுவிட்டு, உங்களுக்குப் பிடித்த இரண்டு வீடியோக்களைக் காட்டுங்கள். அதில் எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். பிடிக்காத ஒன்றையும் காட்டுங்கள். பிடிக்காதது பிடித்ததை விட நிறையச் சொல்லிவிடும்.

அடுத்து, அந்த மலை. திருவாரூர் மாவட்டத்தில் எந்த வரப்பில் நின்று பார்த்தாலும் தொடுவானம் வரை மட்டம்தான் என்பது வயலில் இறங்கிய யாருக்கும் தெரியும். வாங்கிப் போட்ட காட்சியில் மலை தெரிந்தவுடன் பார்க்கிறவர் மனதில் நெல்லும் பொய் ஆகிவிடுகிறது. குழு செய்த பெரிய பிழை இது. உங்களிடம் சொல்லாமல் வெளிக்காட்சியைச் சேர்க்கவே கூடாது. கண்காட்சியில் பொருள் விற்கிற வீடியோவில் அது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. ‘எங்கள் வயல் எப்போது எப்படி இருக்கும்’ என்று அவர்களுக்கு யார் சொன்னது? மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்தாலும், தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, கடைமடை வாய்க்கால் வரை சேருவதற்குள் நாள் ஓடிவிடும். ஒரே டெல்டாவில் ஓரிடத்தில் கதிர் சாய்ந்திருக்கும்போது வேறிடத்தில் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நீண்ட நாள் ரகம் கார்த்திகை, மார்கழியில் பச்சை, தையில் பொன், மாசியில் அறுத்த தாள். உங்களுக்கு இது மூச்சு விடுவது போலத் தெரிந்த சங்கதி, அதனாலேயே சொல்லத் தோன்றவில்லை. நகரத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிற பையனுக்கு, அவன் தாத்தா விவசாயியாகவே இருந்திருந்தாலும், இது தெரியாது. வாடிக்கையாளருக்கு மிகவும் தெரிந்த விஷயம்தான் பேச்சில் முதலில் விடுபடுகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கல்யாணம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும், குடவாசல் பக்கம். பெண்ணின் அப்பா “எல்லாரையும் கவர் பண்ணிடுங்க தம்பி” என்றார். நானும் “சரிங்க” என்றேன். மேடையில் ஏறிய ஒருவரைக் கூட விடவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். அவரைத் தாயில்லாத குறை தெரியாமல் வளர்த்த பாட்டி இறந்துவிட்டாராம். கல்யாணத்தில் பாட்டி வருகிற இடங்களை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று கேட்டார். டேப்புகளை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். கணவரை இழந்தவர் என்பதால் அந்த அம்மா மேடைப் பக்கமே வரவில்லை. அன்று முழுக்கச் சமையல் கொட்டகையில் காய் நறுக்குகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் கேமராவோ மேடையை விட்டு இறங்கவில்லை. பந்தியை எடுக்கும்போது ஓரத்தில் அவர் முதுகு நான்கு விநாடி தெரிகிறது. அந்த நான்கு விநாடியைத்தான் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அவர் எனக்கு நன்றி சொன்னது இன்றும் என்னைச் சுடுகிறது. “எந்த ஒருவரை விட்டுவிட்டால் உங்களுக்கு இந்த வீடியோவே வேண்டாம்?” என்ற கேள்வியைக் கேட்காமல் அதன்பிறகு நான் எந்த வேலையையும் தொடங்கியதில்லை.

உங்கள் வேலையில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் 78 வயது ஐயாவின் பெயர்தான் வந்திருக்கும். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நடத்திய திருவிழாக்களில் 2 கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது வழக்கம். ஒரு கை விதை இன்னொருவர் வயலுக்குப் போகும் கதை அது. உங்கள் நிறுவனமே அப்படி ஒரு 2 கிலோவில் முளைத்திருக்கிறது. எனக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். குழுவுக்குக் கொடுத்த உரையில் தேடினேன், இல்லை. அதில் பதிவு எண், பங்குதாரர் எண்ணிக்கை, கிடங்கின் கொள்ளளவு, விருந்தினர் பெயர்கள், எல்லாம் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய 1,100 சொற்கள். தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள்தான் போகும். உங்கள் உரை குறைந்தது 11 நிமிடம் ஓடும்; நீங்கள் கேட்டதோ 4 நிமிடம். ஐயாவின் பேச்சுக்கும் மில் சத்தத்துக்கும் இடம் விட்டால் 4 நிமிட வீடியோவுக்கு 250 சொல்லே போதும். உரையை வாங்கிய அன்றே குழு இதைச் சொல்லியிருக்க வேண்டும். எடிட்டிங்கில் தாங்களாகவே வெட்டியதால்தான் “எங்க கிடங்கு எங்க போச்சு?” என்று ஒருவரும், “தலைவர் பேர் வரலையே” என்று ஒருவரும் கேட்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

நாளைக்கே அந்த எடிட்டருக்கு நீங்கள் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டாம். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், “ஆறு தடவை மாத்தியிருக்கீங்க தம்பி, எங்களால உங்களுக்கு அலைச்சல், எனக்குத் தெரியுது” என்று சொல்லுங்கள். அது உண்மை, அதனால் சொல்லலாம். பிறகு ஐந்து இயக்குநர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து வீடியோவைப் பெரிய திரையில் போடுங்கள். அவரவர் கைப்பேசியில் பார்த்துத்தான் ஒருவருக்கு இருட்டாகவும் மற்றவருக்கு வெளிச்சமாகவும் தெரிந்திருக்கிறது. எல்லாத் திருத்தங்களையும் ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள்.

குழுவின் பிழைகள் முதல் வகை. மலை, ஒரு ரகத்தின் பெயரைத் தவறாக எழுதியது, மில்லுக்குள் எடுத்ததில் கோடு கோடாக ஓடுவது. இந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஸ்லோமோஷனுக்காக விநாடிக்கு 120 ஃபிரேமில் எடுத்திருப்பார்கள், அது விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகாது. இது தெரிந்திருக்க வேண்டிய பாடம். இந்த வகைத் திருத்தங்களுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்கக் கூடாது.

உங்கள் மனமாற்றங்கள் இரண்டாம் வகை. ஒப்புக்கொண்ட குரலை ஆண் குரலிலிருந்து பெண் குரலாக மாற்றச் சொன்னது, இசையை இரண்டு முறை மாற்றச் சொன்னது, முடிந்த பிறகு தலைவர் பேச்சைச் சேர்க்கச் சொன்னது. நாற்றங்காலில் இருக்கும்போது ரகத்தை மாற்றிக்கொள்ளலாம், நட்ட பிறகு மாற்றினால் நட்ட கூலி யார் கொடுப்பது? குரலின் நீளத்துக்குத்தான் காட்சியை வெட்டுகிறோம். குரல் மாறினால் ஒவ்வொரு வெட்டும் நகரும், இசை நகரும், எழுத்து நகரும். வெளியிலிருந்து பார்த்தால் ‘குரலை மட்டும்தானே மாத்தச் சொன்னோம்’ என்று தோன்றும். எடிட்டருக்கு அது இரண்டு முழு நாள். இந்த வகைக்கு நீங்கள் பணம் கொடுப்பதுதான் நியாயம்.

ரசனை சம்பந்தப்பட்டவை மூன்றாம் வகை. “கொஞ்சம் டல்லா இருக்கு”, “இன்னும் கெத்தா வேணும்”, “பெரிய கோயிலை ஒரு ஷாட் வைங்க.” இவற்றை அழித்துவிடுங்கள். பெரிய கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வணிக வீடியோவுக்காக அங்கே எடுப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். ட்ரோன் பேச்சே எடுக்க வேண்டாம், தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. உங்கள் கிராமத்து வயலுக்கு மேலே பறக்கவும் 2021 ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் பறக்க வேண்டும். அதையெல்லாம் விடுங்கள், மன்னார்குடிப் பக்கத்து நெல்லுக்குத் தஞ்சாவூர்க் கோபுரம் எதற்கு?

18,000-ஐ மொத்தமாகக் கொடுக்கவும் வேண்டாம், ஒன்றும் தர முடியாது என்று நிற்கவும் வேண்டாம். இரண்டாம் வகைக்கு மட்டும் என்னென்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கேளுங்கள். நியாயமாகப் பட்டதைக் கொடுங்கள். பாக்கி 35,000 நிற்கும்போது அவர்கள் வாட்டர்மார்க்கை எடுக்காமல் வைத்திருப்பது தொழில் வழக்கம்தான், அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேச்சை இதில் தொடங்காதீர்கள். ஆமாம், ஓர் இயக்குநர் கேட்டிருக்கிற சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடவே கூடாது. விற்பனைக்கான வீடியோவில் உரிமம் வாங்காமல் போட்டால் நாளைக்குச் சிக்கல் உங்கள் நிறுவனத்துக்குத்தான்.

பச்சை வயல் இல்லாமல் வீடியோ எப்படி என்று கேட்பீர்கள். மாசியில் எடுத்த காட்சிகளைப் பார்த்தேன். தாளுக்கு நடுவே உளுந்து கிளம்பி நிற்கிறது. சம்பாவை அறுப்பதற்குச் சில நாள் முன்பே ஈரத்தில் தெளித்துவிடுகிற உளுந்து. இதை விட டெல்டா எது? மலைக் காட்சியைத் தூக்கிவிட்டு அதை வையுங்கள். கண்காட்சிக்கு அது போதும், நேர்மையாகவும் இருக்கும். மார்கழியில் பனி விலகுகிற காலை நேரத்தில் அரை நாள் ஷூட் ஒன்றை இதே குழுவிடம் இப்போதே பேசி வையுங்கள். என்ன தேதி, மழை பெய்தால் மாற்று நாள் எது, எவ்வளவு பணம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். புதுக் குழுவைத் தேடாதீர்கள். உங்களிடம் ஆறு முறை அடிபட்டவர்களுக்குத்தான் உங்கள் வயல் இப்போது நன்றாகத் தெரியும்.

இனிமேல் திருத்தம் உங்கள் ஒருவர் மூலமாக மட்டும் போக வேண்டும். ஐயாக்கள் உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புங்கள். எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறிப்பிடுங்கள். “நடுவுல ஒரு எடத்துல” என்றால் அவர் எங்கே தேடுவார்? குறையைச் சொல்லுங்கள், வைத்தியத்தை அவரிடம் விடுங்கள். “1:12-ல வர்ற மூட்டையில பேர் படிக்க முடியல” என்றால் போதும். எழுத்தைப் பெரிதாக்குவதா, காட்சியை நீட்டுவதா என்பது அவர் வேலை. கட்டைவிரல் படத்தைச் சம்மதமாக அனுப்பாதீர்கள். அது பார்த்தேன் என்பதா, ஒப்புக்கொண்டேன் என்பதா என்று யாருக்கும் தெரியாது.

இதைப் படிக்கிற குழுவினருக்கும் ஒரு வார்த்தை. பேசி முடித்த அன்று இரவே வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நான் அனுப்புவது இப்படித்தான் இருக்கும்:

“ஐயா வணக்கம். இன்னைக்குப் பேசுனதுல நான் புரிஞ்சிக்கிட்டது: 4 நிமிட வீடியோ, கண்காட்சியில டிவியில போட. அகலமா ஒண்ணு, போனுக்கு நெட்டையா ஒண்ணு. பாக்குறவங்க ஸ்டாலுக்கு வந்து அரிசி கேக்கணும், அதுதான் நோக்கம். பெரியவர் பேச்சு கட்டாயம் இருக்கணும். ஷூட் ரெண்டு நாள், சாப்பாடு உங்களது, வண்டிச் செலவு எங்களது. ரெண்டு முறை திருத்தம் இந்தப் பணத்துக்குள்ள, மூணாவதுல இருந்து தனி. முடிவு சொல்றவங்க நீங்க ஒருத்தர்தான். இதுல எதாவது தப்பா புரிஞ்சிக்கிட்டிருந்தா சொல்லுங்க ஐயா, மாத்திக்கிறேன்.”

பத்து வரி. எழுத ஐந்து நிமிடம். கடைசி வரியில் மரியாதையும் குறையவில்லை, கேள்வியும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியவர்கள் இதற்காகக் கோபித்துக்கொண்டதாக என் அனுபவத்தில் இல்லை. “பையன் பொறுப்பா இருக்கான்” என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

சகோதரி, கண்காட்சிக்கு முன்னால் இன்னும் ஒரு வேலை. ஐயாவின் பேச்சை இந்த வாரமே பதிவு செய்யச் சொல்லுங்கள். எடுத்திருக்கிற பேட்டி மில்லுக்குள் எடுத்தது, இயந்திரச் சத்தத்தில் பாதிச் சொல் விழவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் காலை வெளிச்சத்தில் உட்கார வைத்து, சட்டையில் காலர் மைக் மாட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்த 2 கிலோ விதையை யாரிடம் வாங்கினார், எந்த வயலில் முதலில் விட்டார், நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்த அன்று யார் இருந்தார்கள் என்று நீங்களே கேளுங்கள். குழுவால் வர முடியாவிட்டால் உங்கள் கைப்பேசியிலாவது எடுத்துவிடுங்கள். வீடியோவில் அரை நிமிடம்தான் வரும், ஆனால் அவர் பேசுகிற வரை நிறுத்தாமல் எடுங்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள்.